ஐம்பது வயதில் கணக்குப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூரில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். வருகிற ஆவணியில் எனக்கு ஐம்பது வயது நிறைகிறது. எங்கள் கிளையில் யாருக்கு ஐம்பது ஆனாலும் மாலையில் கணக்கு முடித்த பிறகு கேக் வெட்டி, அவரை நான்கு வார்த்தை பேசச் சொல்வது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. இந்த முறை புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் அதிகாரிகள், "மேடம், இத்தனை வருஷத்துல நீங்க கத்துக்கிட்டதை எங்களுக்குச் சொல்லணும், வேலையிலயும் சரி, வாழ்க்கையிலயும் சரி" என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார்கள். நானும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாடம் என்று எழுத ஆரம்பித்தவை எல்லாம் புகார்களாகவே வந்து விழுகின்றன. "விட்டுக்கொடுத்தவளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை" என்பது முதல் வரி. "உழைப்புக்கும் உயர்வுக்கும் சம்பந்தமே இல்லை" என்பது அடுத்த வரி. "பிள்ளைகளுக்காக வாழ்ந்தால் கடைசியில் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்" என்று மூன்றாவதாக எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன். இதையா அந்தக் குழந்தைகளிடம் சொல்ல முடியும்?

நான் 1998-ஆம் ஆண்டு வங்கிப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வேலைக்கு வந்தவள். அரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் அப்பா, நியமன ஆணையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்போது எங்கள் கிளையில் பணம் வாங்க வருபவர்களுக்கு எண் பொறித்த பித்தளை டோக்கன்தான். எண் தேய்ந்துபோன டோக்கனைக்கூட விரலால் தடவிப் பார்த்தே எந்த எண் என்று சொல்லிவிடுவேன். பேரேட்டில் நிலுவை சரிபார்க்கும்போது ஐந்து ரூபாய் வித்தியாசம் வந்தாலும் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். 2001-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் மூத்தவர்கள் கூட்டமாக வெளியேறியபோது மிச்சம் இருந்த சிலர்தான் எல்லா மேசைகளையும் பார்த்துக்கொண்டோம். எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தபோது புதிய மென்பொருளை அதிகாரிகளுக்கே உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டு, 10-ஆம் தேதி வங்கியைத் திறந்தபோது ரொக்கக் கவுண்டரில் இருந்ததும் நான்தான். ஒருவருக்கு 4,000 ரூபாய் வரை மாற்றலாம் என்றார்கள், பிறகு 4,500 என்றார்கள், அதற்குப் பிறகு 2,000 என்றார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசையில் நின்றவர்களின் வசவு எங்களுக்குத்தான் கிடைத்தது. அந்த நாட்களில் இரவு கணக்கு முடிக்கும்போது குறைந்த பணத்தை என் கைக்காசிலிருந்து கட்டியிருக்கிறேன். அதையெல்லாம் இன்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அதிகாரியாகும் வாய்ப்பு எனக்கு வராமல் இல்லை. 2005-இல் வந்தது. மகளுக்கு மூன்று வயது. அதிகாரியானால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள் என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். 2011-இல் வந்தது. மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார், அதையும் விட்டேன். 2019-இல் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து திருச்சியில் ஒரு கிளைக்கு ஆணையே வந்தது. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள் என்றாலும் பையன் எட்டாம் வகுப்பு. அந்த வயதில் அம்மா வீட்டில் இல்லாவிட்டால் சரிப்படாது என்று அதையும் மறுத்தேன். என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். அவரைக் கேட்டபோது "உன் இஷ்டம்" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. "நீ போய்ச் சேர், வீட்டை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? அதிகாரியானவர்கள் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விடியும். ஆனாலும் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழி இன்று முதன்மை மேலாளர். சென்ற மாதம் மண்டல அலுவலகத்திலிருந்து எங்கள் கிளைக்கு வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள், நானும் எழுந்தேன். அவள் என் தோளில் கை வைத்து, "எப்படி இருக்கே?" என்றாள். நான், "நல்லா இருக்கேன் மேடம்" என்றேன். அந்த "மேடம்" என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பேரேட்டில் அவளுக்கு வித்தியாசம் வந்தால் நான்தான் கண்டுபிடித்துக் கொடுப்பேன்.

மாமியாரை மூன்றாண்டுகள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தேன். பகலில் ஓர் ஆயா இருந்தார், இரவெல்லாம் நான்தான். அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் படுக்கவைப்பேன். கடைசிவரை அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. 2014-இல் அவர் காலமானார். ஒவ்வொரு ஆண்டும் திதி அன்று என் நாத்தனார் வந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மாவைக் கடைசிவரைக்கும் அண்ணன் எப்படிப் பார்த்துக்கிட்டான்!" என்று நெகிழ்ந்து பேசுகிறார். என் கணவரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இப்போது மகளும் சேர்ந்துகொண்டாள். சென்னையில் வேலை பார்க்கிறாள். புனேயில் ஒரு நிறுவனத்தில் இதைவிட நல்ல பதவி கிடைத்திருக்கிறது. மொழி தெரியாத ஊர், அவசரம் என்றால் ஓடி வர முடியாத தூரம், சென்னையே போதும், வாய்ப்பு திரும்பவும் வரும் என்று என் அனுபவத்தைத்தான் சொன்னேன். "உங்களுக்காக நான் எத்தனை விட்டுக்கொடுத்திருக்கிறேன் தெரியுமா" என்றும் சொன்னேன். அதற்கு அவள், "நாங்க கேக்கலையேம்மா" என்றாள். மூன்று வயதுக் குழந்தை எப்படிக் கேட்கும்? அவளுக்காகத்தானே 2005-இல் எழுதிக் கொடுத்தேன்? அன்றிலிருந்து அவளோடு சரியாகப் பேச முடியவில்லை.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. அப்போது படுத்தபடியே இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டிருப்பேன். இதற்கிடையே இந்த ஆண்டுக்கான பதவி உயர்வுச் சுற்றறிக்கை வேறு வந்திருக்கிறது. என் வயதுக்கு இதுவே கடைசி வாய்ப்பாக இருக்கும் என்று ஊழியர் சங்கத்தில் சொன்னார்கள். அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். நாத்தனார் இந்த முறையும் திதிக்கு வருவார். என் பிறந்தநாளுக்கு மறுவாரமே திதி. அவர் அப்படிப் பேசும்போது இந்த முறை நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை.

என் குடும்பத்தாருக்கு நான் செய்ததை எப்படி உணர்த்துவது? இளையவர்கள் கேட்டதற்கு அன்றைக்கு நான் என்ன பேசுவது? வழி சொல்லுங்கள் அம்மா.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தால்தான் புண் வராமல் காக்க முடியும் என்பது செவிலியர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். மூன்று ஆட்கள் மாறி மாறிச் செய்ய வேண்டிய அந்தப் பணியை, காலையில் எழுந்து வங்கிக்குப் போக வேண்டிய ஒரு பெண் இரவு முழுவதும் தனியாகச் செய்து, மூன்றாண்டுகளின் முடிவில் ஒரு புண்கூட இல்லாமல் அந்த உடலை வழியனுப்பிவைத்திருக்கிறார் என்றால் அது சாதாரணக் காரியம் இல்லை. இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மனமாரச் சொல்கிறேன். நீங்கள் செய்தது பெரிய காரியம்.

இதைச் சொன்ன பிறகு, நீங்கள் கேட்ட கேள்விகளை நான் கொஞ்சம் தள்ளிவைக்கப் போகிறேன். நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வது, தோழியை எப்படி அழைப்பது என்பவை எல்லாம் உங்கள் கடிதத்தில் பல வரிகளை எடுத்துக்கொண்டாலும், உங்களை மூன்று மணிக்கு எழுப்புவது அவை என்று எனக்குத் தோன்றவில்லை. தூக்கமின்மைக்கும் நாத்தனாருக்கும் நடுவே, "அது கிடக்கட்டும்" என்று ஒதுக்கிவிட்ட ஒரு செய்தி இருக்கிறது. பதவி உயர்வுச் சுற்றறிக்கையை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறீர்கள். கணவரிடமோ பிள்ளைகளிடமோ சொல்லவில்லை. முன்பின் தெரியாத எனக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாத காகிதத்தை யாரும் அச்செடுத்துக் கைப்பையில் சுமப்பதில்லை. வேண்டும் என்று தெளிவாக இருந்தால் வீட்டில் சொல்லியிருப்பீர்கள். ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியைப் பற்றித்தான் இந்தப் பதில் முழுவதும் எழுத விரும்புகிறேன்.

சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மகன் கல்லூரியில் இருக்கும் வயது. மாமியார் இல்லை. நீங்கள் சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வைத்தால் எல்லோரும் "தாராளமாகப் போ" என்று சொல்லிவிடுவார்கள். இதுவரை ஒவ்வொரு முறையும் உங்களுக்கும் அந்த விண்ணப்பத்துக்கும் நடுவே ஒருவர் நின்றிருந்தார். இந்த முறை நடுவில் ஆள் இல்லை. நீங்கள் மறைத்து வைத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். யாரும் தடுக்காதபோதும் போகாமல் இருந்துவிட்டால், முன்பு போகாததற்கும் வேறு காரணம் இருந்ததோ என்ற சந்தேகம் வந்துவிடுமே என்று உள்ளூர அஞ்சுகிறீர்கள்.

நீங்கள் மறுத்த வாய்ப்புகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள். அவை ஒன்றுபோல் இல்லை என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. 2005-இல் மடியில் மூன்று வயதுக் குழந்தை. எங்கே போடுவார்கள் என்று தெரியாத வேலை. 2011-இல் வீட்டில் ஓர் உயிர் உங்கள் கையை நம்பிக் கிடந்தது. அந்த இரண்டு முடிவுகளையும் இன்றைக்கு நானே உங்கள் இடத்தில் இருந்து எடுத்தாலும் அப்படித்தான் எடுப்பேன். அவை உங்கள் முடிவுகள், நல்ல முடிவுகள். யாரும் அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 2019-ஐ அவற்றோடு சேர்க்க என்னால் முடியவில்லை. தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். காலையில் ரயிலேறி, மாலையில் திரும்பும் ஆசிரியர்களும் அலுவலர்களும் அந்தப் பாதையில் நிறையப் பேர். அதிகாரிகளின் வேலை நேரம் எழுத்தர்களுடையதைப்போல வரையறுத்ததில்லை, இரவு வீடு திரும்பத் தாமதமாகும் என்பது உண்மைதான். ஆனாலும் எட்டாம் வகுப்புப் பையனுக்கு வீட்டில் அப்பா இருந்தார், அவரும் ஆசிரியர். "அம்மா வீட்டில் இல்லாவிட்டால் சரிப்படாது" என்று நீங்கள் எழுதிய இடத்தில், அம்மா ஊரை விட்டே போவதாக இல்லை என்பதையும் நீங்களே "திருச்சி" என்ற பெயரால் சொல்லிவிட்டீர்கள்.

அப்படியானால் அன்று தடுத்தது எது? அதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், கணவர் மேலான வருத்தத்துக்கு நடுவே ஒரு வாக்கியமாக. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் தலையில் விடியும் என்பது அந்த வாக்கியம். ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கே நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒருவருக்கு, திரும்பி வருமா வராதா என்று தெரியாத ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கனமான காரியம் என்று எனக்குப் புரிகிறது. கைக்காசைப் போட்டுக் குறையை நேர்செய்தவருக்கு, தன்னால் நேர்செய்யவே முடியாத குறை ஒன்று வந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கத்தான் செய்யும். அது கோழைத்தனம் இல்லை. வேலையை ஆழ்ந்து அறிந்தவருக்கு வரும் அச்சம். அந்த அச்சத்துக்கு நீங்கள் மகனின் பெயரை இட்டதுதான் இத்தனை ஆண்டு வருத்தத்துக்கு வேர்.

உங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று உடனே தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டுவைப்பார்கள். தணிக்கைக்கு வருபவர் முதலில் அந்தக் கணக்கைத்தான் திறந்து, இது ஏன் இன்னும் நேர்செய்யப்படவில்லை என்று கேட்பார். நீங்கள் உங்கள் விருப்பங்களையும் அச்சங்களையும் அப்படித்தான் மகள் பெயரிலும் மகன் பெயரிலும் கணவர் பெயரிலும் போட்டு வைத்திருக்கிறீர்கள். இப்போது ஐம்பது வயதில் அவர்களிடம் போய், கணக்கைத் தீர்த்துக் கொடுங்கள் என்று கேட்கிறீர்கள். தங்கள் பெயரில் அப்படி ஒரு பதிவு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்த வயதில் இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு அழுத்துகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆடம் ஆல்ட்டர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 29, 39, 49 என்று புதிய பத்தாண்டின் வாசலில் நிற்பவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று வழக்கத்தைவிட அதிகமாகத் தேடுகிறார்கள் என்றார்கள். அந்த முடிவுகளை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் ஆலோசனைக்கு என் முன்னால் வந்து அமர்ந்தவர்களிடம் இதை நானும் கண்டிருக்கிறேன். செய்த தவறு முதலில் அதிகம் வலித்தாலும், காலம் போகப்போகச் செய்யாமல் விட்டவைதான் மனத்தில் தங்கி அரிக்கின்றன என்று தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களில் எழுதினார்கள். செய்த காரியத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, அதோடு சமாதானம் ஆகிவிடலாம். செய்யாததற்கு முடிவு இல்லாததால், மனம் அதை நாளுக்கொரு விதமாக அழகாக்கிக்கொண்டே போகிறது. தோழியின் பதவியைப் பார்க்கும்போது அவள் கையெழுத்திட்ட கோப்புகளும் இடம் மாறி இடம் மாறிக் கழித்த ஆண்டுகளும் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுந்து நிற்கும் கிளைதான் தெரிகிறது. அவள் உங்கள் தோளில் கை வைத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவள் அங்கே அதிகாரியாக நிற்கவில்லை. இடையில் மேசையைப் போட்டது உங்கள் வார்த்தைதான்.

கணவரைப் பற்றி. "உன் இஷ்டம்" என்பதில் அக்கறையின்மையும் இருந்திருக்கலாம், மரியாதையும் இருந்திருக்கலாம். ஒரு கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. திதி அன்று தன் தங்கை பேசும்போது அவர் வாய்மூடி இருப்பது தவறு, அதில் எனக்கு ஐயமில்லை. "இரவெல்லாம் விழித்தது இவள்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது அவர் கடமை. அதை அவரிடம் நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திதிக்கு முன்பே, தனியாக இருக்கும்போது. ஆனால் 2019 விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன். நீங்கள் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, கருத்தும் கேட்கவில்லை. தடுத்தால் அவரைக் காரணமாக்கிக்கொள்ளலாம், தள்ளிவிட்டால் அவர் பொறுப்பில் போகலாம் என்று இரண்டில் ஒன்றை எதிர்பார்த்தீர்கள். அவர் முடிவை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்கள் மனக்குறை அதுதான் என்றால், அதற்கு அவர் குற்றவாளி ஆக மாட்டார்.

மகளுக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை இங்கேதான். "நாங்க கேக்கலையேம்மா" என்ற சொல் உங்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவள் அதை எப்போது சொன்னாள் என்று பாருங்கள். தன் வாழ்வின் முக்கியமான வாய்ப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நீங்கள் அவளிடம் நீட்டியது உங்கள் தியாகக் கணக்கை. மூன்று வயதில் தன்னால் அம்மா இழந்தது இவ்வளவு என்று இருபத்து நான்கு வயதில் கேட்கும் பெண், அதைக் கடனாகத்தான் கேட்பாள். அதைவிட முக்கியமாக, "வாய்ப்பு திரும்பவும் வரும்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். கைப்பையில் கடைசிச் சுற்றறிக்கையை வைத்துக்கொண்டிருக்கும் நீங்களா அதைச் சொல்வது? உங்கள் அனுபவத்தைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அனுபவம் அதற்கு நேர்மாறானது. அவளிடம் சொன்னது உங்கள் பழைய அச்சத்தை. நடுவயதின் பெரும் பணி அடுத்த தலைமுறையைத் தாங்கி வளர்ப்பது என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்னார். நம்மிடம் இருக்கும் அச்சத்தை அறிவுரையாக மாற்றிக் கொடுத்துவிடாமல் இருப்பதுதான் அந்தப் பணியில் மிகவும் கடினமான பகுதி.

அச்சம் பொய் என்று நான் சொல்லவில்லை. மொழி தெரியாத ஊரில் ஓர் இளம்பெண் தனியாக இருப்பது குறித்துத் தாய்க்குக் கவலை இருக்கத்தான் வேண்டும். அந்தக் கவலையைக் கவலையாகவே சொல்லுங்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால் அவள் அருகில் வந்து உட்காருவாள். "உனக்காக நான் விட்டுக்கொடுத்தேன்" என்று சொன்னால் எழுந்து போவாள், போயிருக்கிறாள்.

இனி சுற்றறிக்கை. விண்ணப்பியுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நடுவில் நிற்கும் ஆள் நானாகிவிடுவேன். உங்களுக்கு இன்னும் பத்தாண்டுப் பணி இருக்கிறது. பெண் ஊழியர்களைக் கூடுமானவரை கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊரிலோ அதன் அருகிலோ பணியமர்த்த வேண்டும் என்று 2014-இல் மத்திய நிதியமைச்சகம் பொதுத்துறை வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அது கட்டாய உறுதிமொழி இல்லை என்றாலும், 2005-இல் நீங்கள் அஞ்சிய அளவுக்கு நிலைமை இன்று இருட்டாக இல்லை. உங்கள் வங்கி அதை இப்போது எப்படி நடைமுறைப்படுத்துகிறது, மறுத்தால் என்ன, சேர்ந்தால் ஓய்வூதியத்தில் என்ன மாறும் என்பதையெல்லாம் சங்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எழுத்தராகவே ஓய்வுபெறுவதிலும் குறைவில்லை; ஊதிய அளவின் உச்சத்தை எட்டிய பிறகு கிடைக்கும் தேக்கநிலை ஊதிய உயர்வுகளோடு நீங்கள் வாங்கும் சம்பளம் புதிதாகச் சேர்ந்த அதிகாரியின் சம்பளத்துக்குக் குறைவாக இருக்காது, கோப்புகளின் பாரமும் இல்லை. மாலையில் நிம்மதியாக வீடு திரும்புவதை நீங்கள் விரும்பினால் அது மதிக்கத்தக்க விருப்பம். நான் கேட்பது ஒன்றே. எந்த முடிவானாலும் வீட்டாரை உட்காரவைத்து, யார் பெயரையும் காரணமாகச் சொல்லாமல், "எனக்கு வேண்டும்" என்றோ "எனக்கு வேண்டாம்" என்றோ சொல்லுங்கள். கடைசித் தேதிக்கு முன்பாகச் சொல்லுங்கள். தேதியைக் கடத்திவிட்டால் அதுவும் இன்னொரு மறுப்பாகி, அதற்கும் ஒரு பெயர் தேடத் தொடங்குவீர்கள்.

கிளையில் பேசுவது பற்றி உங்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். அந்தப் பிள்ளைகள் உங்களிடம் வாழ்க்கைத் தீர்ப்புகளைக் கேட்கவில்லை. நோட்டில் எழுதிய மூன்று வரிகளையும் விட்டுவிடுங்கள். மனம் நொந்த நேரத்தில் எழுதியவை அவை. எனக்கு எழுதிய கடிதத்தில் அதைவிட நல்ல செய்திகள் இருக்கின்றன. வித்தியாசம் வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள், எந்த இலக்கங்கள் வழக்கமாக இடம் மாறி விழும், 2016 நவம்பரில் காலையிலிருந்து நின்ற முதியவர் ஒருவரிடம் வரம்பு மாறிவிட்டது என்று எப்படிச் சொன்னீர்கள், கோபத்தோடு வந்தவரை எப்படி உட்காரவைத்தீர்கள் என்று பேசுங்கள். கணினியே எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்கும் காலத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கு இதைச் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை.

மூன்று மணி விழிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தூக்கம் கெடுவது இயல்பு. தைராய்டு கோளாறாலும் மனச்சோர்வாலும் இப்படி விடியலுக்கு முன் விழிப்பு வரலாம். இந்த வாரமே மகளிர் நல மருத்துவர் ஒருவரைப் பார்த்துத் தேவையான ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். மனம் மிகவும் கனக்கும் இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் நீங்களே முதலில் பேசுங்கள். "கேக்கலையே" என்று சொல்லிவிட்டவள் தானாகத் திரும்பி வரக் கூச்சப்படுவாள். 2005-ஐ எடுக்காதீர்கள். புனேயில் எந்தப் பகுதியில் அலுவலகம், தங்க எங்கே பார்த்திருக்கிறாள், உடன் யார் இருக்கிறார்கள், எப்போது சேர வேண்டும் என்று கேளுங்கள். சேர்த்துவிட்டு வர நீங்களும் கூடப் போக முடியுமானால், விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். கைப்பையில் இருக்கும் காகிதத்தைப் பற்றியும் அவளிடம் சொல்லுங்கள். அதைப் பற்றிக் கேட்க அவளிடம் நல்ல கேள்விகள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்